கடைசியா என்ன பண்ணீங்க?

மேசைக்கடியில் மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் திறந்த பக்கத்தில் மூக்கை வைத்து, லிஃப்ட்காரர் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறார். "கருகல் வாசனை இல்ல" என்று உள்ளேயிருந்து அறிக்கை வருகிறது. அப்புறம் தலையை மட்டும் வெளியே நீட்டுகிறார். எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா என்ன பண்ணீங்க?"

பெரும்பாலும் எதிரில் நிற்பது கல்லூரிக்குப் போகும் மகள். மற்ற நேரமெல்லாம் அவளை "கண்ணு", "தங்கம்" என்று கொஞ்சுகிறவர், இந்த ஒரு கேள்வியை மட்டும் மரியாதை குறையாமல்தான் கேட்பார். தொழிலில் பழகிய வாக்கியம், நாக்கில் அப்படியே உறைந்துவிட்டது. "ஒண்ணும் பண்ணலப்பா" என்பாள் மகள். "ஒண்ணும் பண்ணாம ஒண்ணும் ஆகாது" என்பார் அவர், பரம திருப்தியுடன்.

மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. நடுவழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறவர்களிடம், தண்ணீர் வேண்டுமா என்று விசாரிப்பதற்கு முன்பே இதைத்தான் விசாரிப்பார். அத்தனை பேரும் கையை விரிப்பார்கள். உண்மை மெதுவாகத்தான் வெளியே வரும். கட்டில் ஏற்றுவதற்காகக் கதவுக்கு நடுவே செங்கல் வைத்திருப்பார்கள். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்த எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமுக்கியிருப்பார்கள். "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனுஷனுக்கு அது தானா வரும்" என்பது இத்தனை வருட அனுபவத்தில் அவர் கண்ட முடிவு.

அந்த முடிவை அவர் லிஃப்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. மகளுக்கு வயிற்றுவலி என்றாலும் அதே கேள்வி, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதே கேள்வி. ஒருமுறை அவருடைய மச்சினன், மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணல மாமா."

"அப்ப அதுதான் காரணமா இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர். மச்சினனுக்கு அது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

வீட்டுக் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கிழட்டுப் பெட்டி. எல்லார் வீட்டிலும் ஓடுகிற மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டால் மூச்சு வாங்கும் என்று தெரிந்ததும், காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார். அந்த உற்சாகத்தில் பெட்டியின் முகப்பில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படமும் ஒட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை "வாத்துக் கம்ப்யூட்டர்" என்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போது அவரே அவசரத்தில் வாத்து என்று சொல்லிவிடுவதுண்டு. மற்றபடி அவர் அதைக் கூப்பிடுவது "பெரியவர்" என்றுதான். "பெரியவர் எழுந்திரிக்கட்டும்", "பெரியவர் யோசிக்கிறார், அவசரப்படுத்தாதீங்க." பெட்டியின் பக்கத் தகடு மூடப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. அது கழற்றிய திருகாணிகளை வைக்கும் தட்டாக ஜன்னலோரம் கிடக்கிறது. எத்தனை கவனமாகப் பூட்டினாலும் ஒரு திருகாணி மிஞ்சிவிடும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சலவை நாளன்று அது துணி துவைக்கும் மெஷினில் கடகடவென்று உருண்டு தன் இருப்பைத் தெரிவிக்கும்.

பிரிண்டருக்கு அவர் வைத்த பெயர் "சம்பந்தி". எப்போது எதற்கு முறுக்கிக்கொள்ளும் என்று தெரியாதாம். தாள் இருக்கும்போது தாள் இல்லை என்னும், மை நிரம்பியிருக்கும்போது மை தீர்ந்துவிட்டது என்னும். மகள் கல்லூரிக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு பக்கம் அச்சடிக்கக் கேட்டால், நேற்று முன்தினம் கேட்டதைத் துப்பிவிட்டு ஓய்ந்துவிடும். "சம்பந்திகிட்ட குரல உயர்த்தாதம்மா, காரியம் கெட்டுடும்" என்று ரகசியக் குரலில் எச்சரித்துவிட்டு, அவர் கறுப்புத் திரையைத் திறந்து, இரண்டே விரலால், லிஃப்டில் மாடி எண்ணை அமுக்குகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக ஆணைகளை அமுக்குவார்.

"எதுக்கு மாமா இந்தப் பாடு? ஊர் உலகம் வச்சிருக்கறத வச்சுக்கிட்டா நிம்மதியா இருக்கலாமில்ல?" என்று மச்சினன் கேட்பான்.

"அதுல உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இது அப்படி இல்ல. எல்லாம் திறந்து கிடக்கு. யார் வேணா உள்ள பார்க்கலாம், யார் வேணா திருத்தலாம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்க்கலாம்னு தெரிஞ்சா போதாதா?" என்பார் அவர், சற்றே புண்பட்டு.

அவரிடம் இன்னொரு விரதமும் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுச் சரிசெய்ய மாட்டார். வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் சண்டித்தனம் செய்தால், முதல் காரியமாக மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுகிறவர்தான். வீட்டில் மட்டும் அது பாவம். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். ஆனா எதனால கெட்டுச்சுங்கற காரணம் ஓடிப்போயிடும்" என்பார். காரணம் ஓடிவிடக் கூடாது என்பதற்காக வீட்டார் ஒரு விடுமுறை முழுவதையும் சத்தமில்லாத படங்களைப் பார்த்துக் கழித்திருக்கிறார்கள்.

காரணத்தைத் தேடி அவர் போகும் இடம் இணையத்தின் கேள்வி-பதில் பக்கங்கள். முகம் தெரியாத யாரோ எப்போதோ, அச்சு அசல் இதே கோளாறைச் சொல்லி அழுதிருப்பார்கள். லிஃப்ட்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆவலோடு கீழே கீழே போவார். கடைசியில் அழுத அதே ஆள், "சரியாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி" என்று எழுதிவிட்டுக் காணாமல் போயிருப்பான். எப்படிச் சரியாயிற்று என்று ஒரு வரி இருக்காது. "நல்லா இருப்பியா நீ?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார். சாது மனிதர், அவர் வாயிலிருந்து வருகிற அதிகபட்சச் சாபம் அவ்வளவுதான்.

இந்தக் கூத்தையெல்லாம் அவர் மனைவி ஒரு புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார். மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. மைக்கில் டோக்கன் எண்ணைச் சொல்லி நோயாளிகளைக் கூப்பிட வேண்டும். அங்கே அவர் பெயர் "டோக்கன் அக்கா". காத்திருந்து காத்திருந்து சண்டைக்குத் தயாராகிவிட்ட கூட்டம்கூட, அக்கா மைக்கைப் பிடித்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க, டாக்டர் வந்துட்டிருக்காங்க" என்று சொன்னால் அடங்கி உட்கார்ந்துவிடும் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். லிஃப்ட்காரருக்கு இது செவிவழிச் செய்தி. அவர் கேட்டதெல்லாம், "சாப்பாடு ஆறுது, எந்திரிச்சு வர்றீங்களா இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து வரும் குரலைத்தான்.

ரயில் பாதையில் புதிதாகக் கட்டிய நிலையங்களுக்கு அறிவிப்புக் குரல் தேவை என்று விளம்பரம் வந்தபோது, அக்காவை விண்ணப்பிக்கச் சொன்னதும் மருத்துவமனைத் தோழிகள்தான். கொடுத்திருக்கும் வாசகங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். போனில் பதிவு செய்தது வேண்டாம், தனி மைக்கில் பதிந்தது வேண்டும் என்று நிபந்தனை. அக்கா அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் உதட்டை அசைத்துக்கொண்டே போனார். குளிக்கும்போது வண்டி எண்களைச் சொல்லிப் பார்த்தார். மகள் சிநேகிதியிடமிருந்து ஒரு மைக்கை இரவல் வாங்கி வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் சோதித்துப் பார்த்தார்கள், பளிச்சென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். காலையில் குரல் தெளிவாக இருக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு செய்தார்.

ஞாயிறு காலை தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு அக்கா மைக்கின் முன் உட்கார்ந்தார். குரலுக்கு எதற்குப் புடவை என்று யாரும் கேட்கவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி ஒரு வாசகம் பேசி, போட்டுக் கேட்டார்கள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

லிஃப்ட்காரரின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்ததை அக்கா கவனிக்காமல் இல்லை. மனைவிக்கு ஓர் இடைஞ்சல் வந்த வருத்தமும் அதில் இருந்தது. ஆனால் கோளாறு கிடைத்த சந்தோஷம்தான் முந்திக்கொண்டது. மேசைக்கடியில் இறங்கினார், முகர்ந்தார், தலையை நீட்டினார்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலங்க. நேத்து வச்ச இடத்துலயேதான் மைக் இருக்கு."

"கீழ கீழ போட்டீங்களா?"

"போடல."

"யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா யோசிக்காமல் வெந்நீர் வைக்கப் போனார்.

முதலில் லிஃப்ட்காரர் பெரியவருக்கு எல்லாவற்றையும் புதுப்பிக்கச் சொல்லி ஆணையிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் அருவியாகக் கொட்டின. "எழுத்து ஓடுதுன்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்று அறிவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஓடி முடிந்தது, கிணறு அப்படியே இருந்தது. யாரோ எழுதியிருந்த யோசனைப்படி ஓர் அமைப்பை மாற்றினார். கிணற்றுக்குள் ஒரு வண்டும் ரீங்கரிக்கத் தொடங்கியது. இன்னொருவர் யோசனைப்படி வேறொன்றை மாற்றினார். வண்டு, கிணறு, அக்கா எல்லாம் சேர்ந்து மௌனமாகிவிட்டன. மாற்றியதையெல்லாம் திரும்ப மாற்றிப் பழைய கிணற்றுக்கே வந்து சேர்ந்தபோது, அதுவே ஒரு வெற்றியாகத் தெரிந்தது அவருக்கு. மைக் கம்பியைச் செருகும் துளையை மாற்றினார். மேசையைச் சுவரிலிருந்து இழுத்துப்போட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அக்கா பொறுமையாக ஒரு வாசகம் பேசினார். லிஃப்ட்காரர் மானிட்டருக்குள் தலையை விட்டுவிடுகிறவர் போலக் குனிந்து நின்று, பெருமூச்சு விட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஒருதடவ ரீஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்களேன்ப்பா" என்றாள் மகள்.

"காரணம் ஓடிப்போயிடும்."

"பன்னெண்டு மணியும் ஓடிட்டுதான் இருக்கு."

லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியின் கையிலிருந்த வெந்நீர்த் தம்ளரைப் பார்த்தார். இத்தனை வருட விரதத்தை முறித்துக்கொண்டு பெரியவரை அணைத்துப் போட்டார். பெரியவர் தன் வழக்கப்படி நிதானமாகக் கண்விழித்தார். அக்கா பேசினார். போட்டுக் கேட்டார்கள். அதே கிணறு.

மகளுக்கே பாவமாகப் போய்விட்டது. கொள்கையும் போய்க் கோளாறும் போகாமல் நின்றார் மனிதர்.

"பரவாயில்லங்க, விடுங்க" என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். "எனக்கும் தொண்ட கட்டிக்கிட்டு வருது. அடுத்த தடவ எங்கேயாவது கேட்டா பார்த்துக்கலாம்."

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கத்துகிற வரைக்கும் லிஃப்ட்காரருக்குக் கவலை இருந்ததில்லை. கத்துவதை நிறுத்திவிட்டார்கள் என்றால்தான் பயம் பிடித்துக்கொள்ளும். இப்போது அந்தப் பயம் வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் மகள் படித்தாள், அவர் ஆராய்ச்சி செய்தார். மின்சாரக் கட்டணம் கட்டுவதைத் தவிர அக்கா அதில் எதுவும் செய்ததில்லை. முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டார். அதைக்கூடச் செய்துகொடுக்க முடியாமல், திறந்த பெட்டியும் உதிரித் திருகாணியுமாக நிற்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. காலையில் வந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அக்கா எழுந்திருக்கப் போனவர், கடைசியாகப் பேசியதை ஹெட்போனில் இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். புருவம் சுருங்கியது. திரும்பவும் கேட்டார்.

"ஏங்க, இதுல நீங்க பக்கத்துல இருக்கீங்க. நான்தான் எங்கேயோ தூரத்துல இருக்கேன்."

"என்ன சொல்றீங்க?"

"நீங்க பெருமூச்சு விடறது அப்படியே என் காதுக்குள்ள விடற மாதிரி கேக்குது. 'நல்லா இருப்பியா'ன்னு முணுமுணுக்கறதுகூடத் தெளிவா விழுந்திருக்கு. ஆனா மைக் என் வாய்கிட்ட இருக்கு. நீங்க அந்தப் பக்கம் மானிட்டரப் பிடிச்சுட்டு நின்னீங்க. பின்ன எப்படி?" அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு வந்தது அடுப்படிக் குரல் இல்லை. மருத்துவமனையில் கூட்டத்தை உட்கார வைக்கும் அந்த நிதானமான குரல். "கடைசியா என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல" என்றார் லிஃப்ட்காரர்.

யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ளாமல் தானாக வந்து விழுந்த பதில். வந்து விழுந்த வேகத்திலேயே அவருக்கு அந்தத் தொனி அடையாளம் தெரிந்துவிட்டது. செங்கல் வைத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். கண்கள் மெல்ல மேலே போயின. மானிட்டரின் தலையில் ஒரு சின்னக் கேமரா உட்கார்ந்து, உருண்டைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம்..." என்று இழுத்தார்.

"ம்."

"மச்சினன் தனக்கு வேணாம்னு ஒரு கேமரா குடுத்தான். நீங்க கடைக்குப் போயிருந்தப்ப சும்மா மாட்டிப் பார்த்தேன்."

"அப்பா அதுல மீசையப் பார்த்துட்டிருந்தாங்கம்மா, ரொம்ப நேரம்" என்றாள் மகள்.

"கேமராவுக்குக் காதும் உண்டா?" என்று அக்கா கேட்டார்.

"உண்டு. உள்ளயே ஒரு மைக் வச்சிருப்பான். புதுசா வந்தத நம்பி, பெரியவர் அது வழியா கேக்க ஆரம்பிச்சுட்டார் போல."

"மாட்டினது 'ஒண்ணும் பண்ணல'ங்கற கணக்குல வருமா?"

"பார்க்கத்தானே மாட்டினேன், கேக்கறதுக்கு மாட்டலயே" என்றார் லிஃப்ட்காரர். இந்த மாதிரி ஒரு பதிலை எந்த லிஃப்டிலும் அவர் கேட்டதில்லை. மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தார். கட்டிக்கொண்டிருந்த தொண்டை அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திறந்துகொண்டது.

கேமராவின் கம்பியை அவரே பிடுங்கினார். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, பழைய மைக்கிடமே திரும்பி வந்தார். மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டிருந்தது. லிஃப்ட்காரர் மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறதே என்று அதன் சுவிட்சையும் இறக்கினார். மேற்கொண்டு எதையாவது தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். நெற்றியில் வழிந்த வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

அக்கா பேசினார். ஒரே மூச்சில், ஓரிடத்திலும் தடுக்காமல் பேசினார். வண்டி தாமதமாக வருவதற்கு வருந்துகிறோம் என்றபோது நிஜமாகவே வருந்தினார். கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட குழந்தை அலுவலக அறையில் பத்திரமாக இருக்கிறது என்றபோது, யாரோ ஒரு தாயின் கையைப் பிடித்துச் சொல்கிற மாதிரி சொன்னார். முடித்ததும் மகள் ஓடிவந்து அதை அனுப்பினாள். "போயிடுச்சு! போயிடுச்சும்மா! இன்னும் நேரம் இருக்கு!" என்று குதித்தாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் வெட்டிவைத்த காய் என்ன கதியாயிற்று என்று பார்க்க உள்ளே போனார். மகளும் பின்னாலேயே போனாள்.

ஹாலில் லிஃப்ட்காரர் மட்டும் நின்றார். அடுப்படியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில்கூட உட்காராமல், நின்றபடியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அனுப்பியதைப் போட்டுக் கேட்டார். வழக்கமாக அவர் எதையும் கேட்கும்போது காதைவிடக் கண்தான் வேலை செய்யும். திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடுகளில் எங்கே இரைச்சல், எங்கே விக்கல் என்று தேடிக்கொண்டிருப்பார். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். காதுக்குள் மனைவி நிதானமாக, அன்பாக, மறுக்க முடியாதபடி சொல்லிக்கொண்டு வந்தார். "ரயில் நிலையத்திற்குள் வந்துகொண்டிருக்கிறது. பயணிகள் அனைவரும் மஞ்சள் கோட்டிற்குப் பின்னால் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

லிஃப்ட்காரர் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.